நிலவுக்குப் போகக் கூடாத எண்ணெய்

என் தலைமுடியைப் பற்றி ஒரு கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறார்கள். ஏழெட்டு ஆண்கள், ஒரு புரொஜெக்டர், மேஜை நடுவில் ஆறிப்போன டீயும் பிஸ்கட்டும். திரையில் ஒரு வரைபடம். அதில் இருக்கக் கூடாத இடங்களில் சில கூர்முனைகள் முளைத்து நின்றன. எங்கள் குழுத் தலைவர் அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், ரொம்பவும் மென்மையான குரலில் சொன்னார்:

"லேடீஸ் கொஞ்சம் ஹேர் ஆயில், க்ரீம் இதெல்லாம் அவாய்ட் பண்ணா நல்லா இருக்கும்."

அந்த ஆய்வகத்தில் லேடீஸ் என்றால் நான் ஒருத்திதான்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் டீ கிளாஸைப் பார்த்தார்கள், பேனாவைப் பார்த்தார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள். என் பின்னல் அப்போது இடுப்புக்குக் கீழே தொங்கும். அதைக் கையில் பிடித்து முன்பக்கம் போட்டுக்கொள்வதா, பின்னாலேயே விடுவதா என்று தெரியாமல், கூட்டம் முடியும்வரை முதுகை நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெங்களூரில் ஓசூர் ரோட்டில் மேம்பாலத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் குடியாத்தத்திலிருந்து வந்து, ஈஜிபுராவில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழே மாவு மிஷின். பகல் முழுவதும் தரை அதிரும். அப்பா இல்லை. அம்மா ஊரில் தனியாக இருந்தாள். என்னோடு படித்த பெண்கள் எல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குப் போய் ஏசி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தபோது, நான் ஒரு சிறிய ஆய்வகத்தில் ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்தேன். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் நாங்கள் செய்துகொண்டிருந்த வேலையைச் சொல்லிக்கொள்ளலாம். நிலவுக்குப் போகும் ஆளில்லாக் கலத்தில் ஏற்றுவதற்காக ஒரு கருவி செய்துகொண்டிருந்தோம். டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிது.

நிலவில் காற்றே கிடையாது என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். கிடையாது என்று சொன்னாலும் பெரிய தப்பில்லை. ஆனால் துளியூண்டு இருக்கிறது. ஒரு அணு இன்னொரு அணுவை முட்டிக்கொள்ள வாய்ப்பே இல்லாத அளவுக்கு மெலிந்த காற்று. அதில் என்னென்ன இருக்கிறது என்று மோப்பம் பிடிப்பதுதான் எங்கள் பெட்டியின் வேலை. கலத்திலிருந்து கழன்று நிலவின் தரையை நோக்கி விழும். விழுகிற வழியெல்லாம் முகர்ந்து, முகர்ந்ததைச் சொல்லிக்கொண்டே போய் மோதி உடைந்துவிடும். அவ்வளவுதான் அதன் ஆயுள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அவ்வளவு நுணுக்கமான மூக்குக்கு முதலில் கிடைப்பது அதன் சொந்த உடம்பின் வாசனைதான். ஒரு விரல் ரேகையை ஒட்டவிட்டால் போதும், அது நிலவின் காற்றைவிட அதிகமாகி, வரைபடத்தில் கூர்முனையாக எழுந்துவிடும். அதனால் தூசியில்லாத அறைக்குள், தலையிலிருந்து கால்வரை மூடிய வெள்ளை உடையும் முகமூடியும் இரட்டைக் கையுறையும் போட்டுக்கொண்டுதான் அதைத் தொடுவோம். தொட்டுச் செய்யும் வேலையில் பாதி என்னுடையது. கருவியின் வாய்ப்பகுதியில் ஒரு மெல்லிய கம்பி இருக்கும், முடியைவிட மெல்லியது. அதைப் பொருத்த என் விரல்கள்தான் சரியாக வரும் என்று தலைவரே சொன்னார். ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் அதைப் பீற்றிக்கொண்டேன். அவள் எதுவும் புரியாமல், "விரலப் பத்திரமா பாத்துக்கடி" என்றாள்.

தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். இவருக்கு வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம், கோபம் வந்தால் ஆங்கிலம். கோபம் வந்து நான் பார்த்தது குறைவு. நேர்முகத் தேர்வில் என் ஆங்கிலம் தடுக்கிக்கொண்டே போனபோது, "தமிழ்லயே சொல்லும்மா, யந்திரத்துக்கு பாஷை கிடையாது" என்று சிரித்தவர். அவர் அப்படிச் சொல்லியிராவிட்டால் எனக்கு அந்த வேலையே இல்லை. நெற்றியில் காலையில் இட்ட சந்தனம் மத்தியானம்வரை அழியாமல் இருக்கும். யாரையும் புண்படுத்தத் தெரியாதவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

என் தலைக்கு வருகிறேன். அம்மா மாதம் ஒருமுறை எண்ணெய் காய்ச்சுவாள். செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெயில் கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை, வெந்தயம். ஆறவைத்து, வடிகட்டி, தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, பெங்களூர் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புவாள். "பொண்ணு பாக்க வர்றவன் மொதல்ல முடியத்தான் பாப்பான்" என்பது அவள் கட்சி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லாவிட்டாலும் பின்னல் மேல் கர்வம் இருந்தது. பொய் சொல்வானேன்.

கூட்டம் முடிந்த அன்று பஸ்ஸில் போகும்போது என் கையை நானே முகர்ந்து பார்த்தேன். பிறகு துப்பட்டா நுனியை. வீட்டுக்குப் போனதும் தலையணை உறையை. எல்லாவற்றிலும் அந்த வெந்தய வாசனை. இருபத்து நான்கு வருடமாக என் மேல் இப்படி ஒரு வாசனை இருந்திருக்கிறது, இத்தனை பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. வகுப்பில் யார் பக்கத்தில் உட்கார்ந்தேன், எந்தத் தோழி தள்ளி உட்கார்ந்தாள் என்றெல்லாம் யோசித்தேன். உடம்பெல்லாம் கூசிப்போனது. நிலவுக்கு அனுப்புகிற கருவியே கண்டுபிடித்துச் சொன்ன பிறகு யாரிடம் போய் மறுக்க முடியும்?

எண்ணெயை நிறுத்தினேன். பவுடரை நிறுத்தினேன். பூவை நிறுத்தினேன். தினமும் ஷாம்பூ போட்டேன். முடி தேங்காய் நாராகிவிட்டது. அடுத்த பரிசோதனையில் அதே கூர்முனைகள் அதே இடத்தில் நின்றன. எங்கள் குழுவில் ஒரு கன்னடப் பையன் இருந்தான், என்னைவிட ஒரு வருடம் இளையவன். தலைமுடியை முள்ளம்பன்றி மாதிரி நிற்க வைக்கத் தினமும் ஒரு டப்பா ஜெல்லைத் தடவிக்கொண்டு வருவான். மேலே அடித்துக்கொள்ளும் சென்ட் லிஃப்டுக்குள் நம்மை மயக்கம் போட வைக்கும். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜெல் போட்டவன் தலை ஸ்டைல், எண்ணெய் வைத்தவள் தலை அழுக்கு. இது எனக்கு இப்போது கோபமாக வருகிறது, அப்போது வரவில்லை. அப்போது ஈஜிபுரா மெயின் ரோட்டில் ஒரு பியூட்டி பார்லருக்குப் போய், தோள்வரை வெட்டச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மாவிடம் பெங்களூர் தண்ணிக்கு முடி கொட்டுகிறது என்றேன். அவள் பயந்துபோய், பாட்டிலை இரண்டாக்கி அனுப்பினாள்.

முடியை வெட்டியும் முனைகள் போகவில்லை. அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வெளில இருந்து டேட்டா பாத்துக்கோம்மா. தப்பா எடுத்துக்காதே" என்றார். நான் தலையாட்டினேன். என் இடத்துக்கு ஜெல் தலையன் உள்ளே போனான். போகும்போது என்னிடம், "பேஜார் மாட்கோபேடி அக்கா" என்று வருத்தப்பட வேண்டாமெனச் சொல்லிவிட்டுத்தான் போனான். நல்ல பையன்தான். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நான் பொருத்திய கம்பியை அவன் இடுக்கியால் தொடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துபோகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து ஒரு புன்னகை செய்வார்கள். தொற்று நோயாளியைப் பார்த்துச் செய்கிற புன்னகை.

வேறு வேலையில்லாமல் அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில்தான் ஒன்று கண்ணில் பட்டது. எண்ணெய் என்றால் அதன் முனைகள் ஏணிப்படி போல வரும். ஒரே இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். பாடத்தில் படித்ததுதான், எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எண்ணெய் என்று முடிவு கட்டிய பிறகு யாரும் உற்றுப் பார்க்கவில்லை. நானும்தான். இங்கே ஏணியே இல்லை. சில படிகள் தாறுமாறாக நின்றன. தலைவரிடம் சொன்னேன். "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்றார். அவசரத்தில் இருந்தார்.

அதற்கடுத்த நாளோ என்னவோ, சேமிப்புப் பெட்டிக்கு சிலிக்கா ஜெல் மாற்றச் சொன்னார்கள். பரிசோதனை இல்லாத நேரத்தில் கருவி அந்த எஃகுப் பெட்டிக்குள்தான் இருக்கும். ஈரத்தை உறிஞ்ச, அடியில் ஒரு சிறு தட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். கருவி அப்போது வெற்றிடக் கலனுக்குள் இருந்ததால், காலிப் பெட்டியை வெளி அறைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வெளி அறையில் முகமூடி தேவையில்லை. தட்டை இழுத்தேன். சர்க்கரைப் பொங்கல் வாசனை வந்தது.

முதலில் பசிதான் எடுத்தது. பிறகுதான் உறைத்தது. பொட்டலங்களுக்கு நடுவே மடித்து வைத்த ஒரு சின்னக் காகிதம். பிரித்தால் பச்சைக் கற்பூரம். பாதிக்கு மேல் கரைந்து காற்றோடு போயிருந்தது. கற்பூரம் அப்படித்தான், உருகாமலே ஆவியாகும். மூடிய பெட்டிக்குள் எங்கள் கருவி அந்த ஆவியில் இரவெல்லாம் குளித்திருக்கிறது. உள்ளே போகிற எல்லோரும் முகமூடி போட்டிருந்ததால் ஒருவர் மூக்கிலும் ஏறவில்லை. அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்துகொண்டு தலைவர் வந்தார். என் கையைப் பார்த்தார்.

"அது... வீட்ல குடுத்தாங்கம்மா. கோயில்ல பூஜை பண்ணது" என்றார்.

காகிதத்தை அவர் பக்கம் நீட்டினேன்.

"எல்லா பாக்ஸுக்கும் வெப்பேன். நாங்க அனுப்பின எல்லாத்துக்கும். ஒரு தடவை கூட ஒண்ணும் ஆனதில்லையே."

அது உண்மையாகத்தான் இருக்கும். இதற்கு முன் அவர் அனுப்பியதெல்லாம் மின்சாரப் பெட்டிகள். அவற்றுக்கு மூக்கு கிடையாது. மூக்குள்ள ஒன்றை முதன்முதலாகச் செய்திருக்கிறோம் என்பது அவருடைய மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. கை பழக்கப்படி மடித்து வைத்துவிட்டது. அவர் முகம் சாம்பலாகியிருந்தது. காகிதத்தை என்னிடமிருந்து வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நான் பாத்துக்கறேம்மா. நீ ஒண்ணும் கவலைப்படாதே" என்றார். கவலைப்பட வேண்டியவள் நான் என்பது போல.

கருவியைச் சூடேற்றிச் சுத்தம் செய்தார்கள். முனைகள் மறைந்தன. மறுபடியும் கூட்டம், மறுபடியும் டீ. தலைவர் எழுந்து, "ப்ராப்ளம் சால்வ்ட். சோர்ஸ் கண்டுபிடிச்சு ரிமூவ் பண்ணியாச்சு" என்றார். என்ன சோர்ஸ் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். தொண்டையைச் செருமினார். "லேடீஸ் கோஆபரேட் பண்ணதுக்கு தேங்க்ஸ்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

இந்த முறை எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மன்னித்துவிட்ட பார்வை. என் குட்டை முடியைப் பார்த்து ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். என் வாயில் கொழுக்கட்டை. அன்று மத்தியானமே என்னைத் திரும்ப உள்ளே அனுப்பினார் தலைவர். வெள்ளை உடையை மாட்டிக்கொண்டு, என் கம்பியிடம் போய் நின்றபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் வீட்டுக்குப் போனதும் வெட்கமாக இருந்தது. இதற்காகத்தான் பேசாமல் இருந்தாயா என்று கண்ணாடி கேட்டது.

கலம் கிளம்பியது ஐப்பசி மழையில். விடியற்காலையில் எல்லோரும் கேன்டீனில் டீவி முன்னால் நின்றோம். மேகத்துக்குள் நெருப்பு போய் மறைந்தபோது ஜெல் தலையன் என்னைத் தூக்காத குறை. நானும் கத்தினேன், அழுதேன். பிறகு நிலவைச் சுற்றி, எங்கள் பெட்டி கழன்று விழுந்து, விழுகிற வழியெல்லாம் முகர்ந்து, முகர்ந்ததைச் சொல்லிவிட்டு உடைந்தது. அது அனுப்பியதைத் திரையில் பார்த்தேன். நிலவின் காற்று. ஏணியும் இல்லை, கற்பூரமும் இல்லை. அவ்வளவு சுத்தமான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பாராட்டு விழா வைத்தார்கள். குடும்பத்தை அழைத்து வரலாம் என்றார்கள். அம்மா குடியாத்தத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, இருக்கிற ஒரே பட்டுப்புடவையில் வந்து சேர்ந்தாள். என் தலையை அவள் பார்ப்பது அப்போதுதான். தடவிப் பார்த்துவிட்டு, "இந்த ஊரு தண்ணி நாசமாப் போவ" என்றாள். ஹாலில் முன்வரிசையில் உட்கார வைத்தேன். ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார்கள். என் முறை வந்தபோது தலைவர் மைக்கைக் கையில் எடுத்தார்.

"நம்ம பொண்ணு இவ. இந்த மிஷனுக்காகத் தலைக்கு எண்ணெ வெக்கறதையே விட்டா. எண்ணெ வாசனை கருவில ஏறக் கூடாதுன்னு முடியையே வெட்டிக்கிட்டா. இதவிடத் தியாகம் என்ன இருக்கு சொல்லுங்க."

கைதட்டினார்கள். எனக்குக் கைமாறு செய்வதாகத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும். பழியைப் பாராட்டாக மாற்றி என் தோளில் போர்த்திவிட்டார். நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். மேடையிலிருந்து அம்மாவைப் பார்த்தேன். அவள் மட்டும் கைதட்டவில்லை. வாயைப் புடவைத் தலைப்பால் மூடியிருந்தாள்.

விழா முடிந்து காரா பாத், கேசரி பாத் பரிமாறினார்கள். நான் தட்டோடு திரும்பியபோது அம்மா இருந்த நாற்காலி காலி. தேடினால், தலைவர் முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள். சுற்றிலும் அவருடைய நண்பர்கள், அவர்களுடைய மனைவிமார்கள். அம்மா இரண்டு கையையும் கூப்பியிருந்தாள்.

"ஐயா, அந்த எண்ண நான் காய்ச்சி அனுப்பனதுங்க. எம் பொண்ணு மேல தப்பில்லீங்க. படிக்காதவ, தெரியாமப் பண்ணிட்டேன். இவ்ளோ பெரிய காரியம் என்னால கெட்டுப் போவப் பாத்திச்சே. மன்னிச்சிடுங்க ஐயா."

தலைவர் கையில் தட்டு இருந்தது. கேசரி பாத்தில் ஸ்பூன் குத்திட்டு நின்றது. அம்மாவின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும், அவர் சொல்லலாம். ஒரு வார்த்தை போதும், நான் சொல்லலாம்.

"அய்யோ, பரவால்லம்மா" என்றார் அவர். "ஆனது ஆச்சு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே, விடுங்க."

ஒரு அம்மாள், "பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்" என்று கன்னடத்தில் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். நான் அம்மாவின் கையைப் பிடித்து, "வாம்மா, போலாம்" என்றேன். அதைத்தான் சொன்னேன். பூமி பிளந்து விழுங்கக் கூடாதா என்று சொல்வார்களே, நான் அப்படி வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

பஸ் ஸ்டாப்பில் கூட்டம் இல்லை. அங்கே நின்றுதான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, தட்டு, காகிதம், அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது. எண்ணெய் இல்லவே இல்லை என்று மூன்று முறை சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"கற்பூரமா?" என்றாள்.

"ஆமாம்மா. அவர் வெச்சது."

"சாமி கற்பூரந்தான? நல்லதுக்குன்னுதான் வெச்சிருப்பாரு." பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தாள். "இத வெளிய யாராண்டயும் சொல்லிடாத. பெரிய மனுசன். நாலு பேரு முன்னால தல குனிஞ்சி நிக்கக் கூடாது."

எனக்கு ஆத்திரமாக வந்தது. "நீ நின்னியேம்மா இன்னிக்கு? நாலு பேர் முன்னால, கையக் கூப்பிக்கினு?"

"எனக்கு இன்னாடி" என்றாள் அம்மா. "நாமெல்லாம் நின்னு பழகனவங்க."

அதை வருத்தமாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. பஸ் நம்பரைச் சொல்வது போலச் சொன்னாள். 'நாமெல்லாம்' என்றதில் என்னையும் சேர்த்துக்கொண்டாள். இல்லை, நான் அதில் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தோளில் சால்வை இருந்தது. சொல்ல முடியவில்லை.